கட்டாத சிவப்புத் துணி

மேஸ்திரி திங்கட்கிழமைகளில் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவார். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். இறங்கி, ஜெராக்ஸ் கடையையும் பஸ் நிழற்குடையையும் தாண்டி, தாரில் பாதி புதைந்துபோன தண்டவாளத்தின் வழியே கதவில்லாத ஆலை வாசலுக்குள் நுழைவார். உள்ளே இருநூறு அடி தள்ளி அந்தச் சரக்கு ரயில் பெட்டி நிற்கும்.

நின்றால் சரி.

மண்டியிட்டு, புதருக்குள் கையை விட்டு, சக்கரத்தின் அடியில் தடவுவார். ஆப்பு இருக்கும். மறுபக்கம் போய்த் தடவுவார். அங்கேயும் இருக்கும். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்து, பார்சல் கிடங்கில் எடை போடும் வேலைக்குக் கால்மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேருவார். கிடங்கு சூப்பர்வைசர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். திங்கட்கிழமை மட்டும் கடிகாரம் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி என்பது இப்போது வெறும் பட்டம். ஆலை மூடிய பிறகும் ஒட்டிக்கொண்டது. காகித ஆலைக்கென்று போட்ட தனித் தண்டவாளத்தில் சரக்குப் பெட்டிகளைக் கோத்து, பிரித்து, நிறுத்தி, அனுப்பிவைப்பது ஒரு காலத்தில் அவர் பொறுப்பு. பதினெட்டு வருடம் பார்த்தார். ஒரு பெட்டி தடம் புரண்டதில்லை. ஒருவர் விரல் நசுங்கியதில்லை. கடைசியில் கொடுத்த சான்றிதழில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அதை மனைவி கூடத்துச் சுவரில் மாட்டிவைத்தாள். அவர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

"இவருக்கு ரெண்டு பொண்டாட்டி," என்பாள் மனைவி, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம். "ஒண்ணு நான். இன்னொண்ணு அந்தத் துருப்பிடிச்சவ. என் பிறந்த நாள் மறந்துபோகும், அவளோட திங்கட்கிழமை மறக்காது."

மண்ணில் கிடக்கும் மரத்தைக் கறையான் விடாது. அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது பின்பக்கம் உட்கார்ந்து புது ஆப்பு செதுக்குவார்.

"எதுக்குங்க?"

"கதவுக்கு."

வீட்டில் இருப்பது மூன்று கதவு. பன்னிரண்டு வருடத்தில் பதினேழு ஆப்பு செதுக்கியாகிவிட்டது.

அவர் யாரிடமும் சொல்லாதது இதுதான்.

பெட்டிகள் நிற்கும் ரயில் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்ப வேண்டிய பெட்டியில் ஏதாவது பழுதென்றால், கிளம்பாத பெட்டியிலிருந்து அந்தச் சாமானைக் கழற்றி மாட்டுவார்கள். இரவல் வாங்குவது என்று பேர். தப்பில்லை. ஆனால் இரவல் கொடுத்த பெட்டியின் கைப்பிரேக்கை இறுக்கும் கைச்சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். துணி இருந்தால் பெட்டியை நம்பாதே. துணி இல்லையென்றால் நம்பலாம்.

ஆலையின் கடைசி நாளில் ஏழு பெட்டிகள் நின்றன. ஆறு கிளம்ப வேண்டும். ஏழாவதற்குத் தரை ஓட்டை, அது எங்கும் போகப்போவதில்லை. பரிசோதகர் வந்து குனிந்து பார்த்து, மூன்றாவது பெட்டியில் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன, அனுப்ப முடியாது என்றார். வெளியே எஞ்சின் ஊதிக்கொண்டே இருந்தது. மேஸ்திரி ஏழாவது பெட்டிக்கு அடியில் புகுந்தார். நான்கு சக்கரம், நான்கு இரும்புக் கட்டை. நான்கையும் கழற்றி மூன்றாவதில் மாட்டினார். தேய்ந்தவற்றை வேலியோரம் வீசினார். எஞ்சின் இழுத்துக்கொண்டு போனது.

அதன் பிறகு துணியைத் தேடினார். சாமான் அறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். நோட்டும் அதற்குள்தான். நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று, பழக்க தோஷத்தில் ஏழாவது பெட்டியின் கைப்பிரேக்கைச் சுற்றி இறுக்கினார். இரண்டு சக்கரத்துக்கு ஆப்பு வைத்தார். மறுநாள் வாசலில் பூட்டு தொங்கியது. கொஞ்ச நாளில் கதவையே யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள்.

கட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மரை முடிகிற இடத்தில் கைச்சக்கரம் இறுகிவிடும். தொட்டுப் பார்க்கிறவனுக்குப் பிரேக் பிடித்திருப்பதாகத்தான் தோன்றும். தண்டவாளமோ ஆலையிலிருந்து வாசலை நோக்கி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றினால் தெரியும். வாசலுக்கு வெளியே தெரு, ஜெராக்ஸ் கடை, நிழற்குடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜனம்.

இரும்புச் சந்தையில் கட்டை தேடியிருக்கிறார். கிடைத்ததெல்லாம் வேறு வகை. யாரிடமாவது சொல்லியிருக்கலாம், பிறகாவது துணியைக் கட்டியிருக்கலாம். இரண்டும் முடியாமல் போனதற்குக் காரணம் மச்சினன்.

மச்சினன், மனைவியின் தம்பி, ஆலையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். மூடுவதற்கு இரண்டு வருடம் முன்னால் அவன் இதே மாதிரி ஒரு பெட்டியிலிருந்து பிரேக் கட்டை இரவல் எடுத்தான். துணி கட்ட மறந்தான். மறுநாள் காலை சுற்றிவரும்போது மேஸ்திரி கண்டுபிடித்தார். அசம்பாவிதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். மச்சினன் என்பதால் மூடி மறைத்தார் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவனை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்று வருடம் பேச்சு வார்த்தை இல்லை. மேஸ்திரிக்கு மகள் பிறந்தபோதுதான் மறுபடியும் படியேறினான்.

அவன் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். இப்போது பழைய ஆலைகளைப் பிரித்தெடுக்கும் கம்பெனியில் ஃபோர்மேன். கை கழுவும்போதே ஆரம்பித்தான்.

"அக்கா, உன் சக்களத்திக்கு நாள் குறிச்சாச்சு."

"யாருக்குடா?"

"மாமாவோட பெட்டிக்கு. நாளைக்குக் காலையில பத்து மணி. எங்க கம்பெனிதான் எடுக்குது. நான்தான் போறேன்."

மனைவி கரண்டியோடு கையைத் தூக்கினாள். "போய்த் தொலையட்டும். இனிமே திங்கட்கிழமையும் புருஷன் எனக்குத்தான்."

மேஸ்திரியின் கை தட்டிலேயே நின்றது.

"எப்படி எடுப்பீங்க மாப்ள? அங்கேயே வெட்டிடுவீங்களா?"

"முடியாது மாமா. மேலே குழாய்ப் பாலம் போகுது, கிரேன் கையைத் தூக்க முடியாது. நாற்பது அடி வாசல் பக்கம் கொண்டுவரணும். இறக்கம்தானே? கடப்பாரை போட்டு நெம்பினா தானா வரும். நான் படியில நின்னுக்கிட்டுக் கைப்பிரேக்கைச் சுத்தி நிறுத்திடுவேன்."

"அந்தப் பிரேக்கை நம்பாதே."

"போன வாரம்தான் போய்ப் பார்த்தேன். கைச்சக்கரம் பாறை மாதிரி இறுகிக் கிடக்கு. நீங்க இறுக்கினது மாமா, சும்மாவா? துணியும் இல்லை." சிரித்தான். "துணி இல்லைன்னா நம்பலாம். யார் சொன்னது?"

மேஸ்திரி தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"பிரேக் கட்டை இல்லை," என்றார். "நாலும் இல்லை. கடைசி நாள் நான்தான் இரவல் எடுத்தேன். துணி கட்டலை. நோட்டிலயும் எழுதலை."



முதலில் சிரித்தது மனைவிதான். "இவராவது, துணி கட்டாம வர்றதாவது! ஜன்னல் கொக்கி போட்டேனான்னு பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வர்ற ஆளு!" சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தம்பியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. வேறு எதையோ புரிந்துகொண்டுவிட்டாள்.

மச்சினன் சிரிக்கவே இல்லை.

"வேண்டாம் மாமா."

"என்ன வேண்டாம்?"

"இந்த ஆறுதல். பதினாலு வருஷம் கழிச்சு, நானும் உன்னை மாதிரிதான்னு ஒரு கதை கட்டி என் தலையைத் தடவிக் குடுக்கறீங்க. நான் என்ன குழந்தையா?"

"மாப்ள, நிஜமாத்தான்..."

"நான் தப்பு பண்ணேன். நீங்க எழுதினீங்க. முடிஞ்சுபோச்சு. உங்க வீட்டுப் படியை நான் மறுபடி ஏன் மிதிச்சேன் தெரியுமா? இந்த மனுஷன் தனக்கும் இதே நியாயம்தான் வச்சுக்குவாருன்னு நம்பினேன். அந்த ஒரே காரணம்தான். அதையும் பிடுங்கிக்காதீங்க."

பாதித் தட்டில் எழுந்து போய்விட்டான்.

"நல்லதுதான் பண்ணீங்க," என்றாள் மனைவி, தட்டுகளை எடுத்தபடி. "அவனுக்கு ரோஷம். மெதுவா புரிஞ்சுக்குவான்."

"நான் பொய் சொல்லலை."

"எனக்குத் தெரியாதா?" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். காய்ச்சலில் உளறுகிற பிள்ளையைத் தட்டுவது மாதிரி இருந்தது.

அவர் கம்பெனி முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"எங்க ஃபோர்மேன்கிட்டயே பேசுங்க சார். யார்ட் வேலை அவருக்கு அத்துப்படி. யாரோ ஒரு கெட்டிக்கார மேஸ்திரிகிட்ட பழகினவராம்."

மேஸ்திரி போனை வைத்தார். பின்பக்கம் போய் ஒரு கட்டையை எடுத்துச் செதுக்க ஆரம்பித்தார். நடுவில் இரண்டு தடவை மச்சினனைக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் மணி அடித்து நின்றது. சாயங்காலத்துக்குள் மூன்று ஆப்பு தயாராகிவிட்டது. நான்காவதற்கு மரம் இல்லை. எழுந்து வீட்டைச் சுற்றி வந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார்.

"என்னங்க, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மறுநாள் காலை ஆப்புகளைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எட்டே கால் பஸ் வரவில்லை. எட்டே முக்கால் பஸ் வந்தது, பாதி வழியில் டயர் பஞ்சரானது. இறங்கி நடந்தார். நடையை ஓட்டமாக்கினார். பின்னால் வந்த இன்னொரு பஸ்ஸைக் கையை நீட்டி நிறுத்தி ஏறினார். உட்கார இடம் இருந்தும் நின்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பக்கத்தில் நின்ற பெண் தன் காலை இழுத்துக்கொண்டாள்.

"வண்டியை நீங்கதான் ஓட்டறீங்களா?" என்றாள்.

"மன்னிச்சுக்கோம்மா."

இறங்கியபோது மணி பத்தரை.

நிழற்குடையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஆலைக்குள் கிரேன் நின்றது. அதற்கு அப்பால் ஒரு லாரியில், ஏற்கெனவே பெயர்த்த தண்டவாளங்களை அடுக்கியிருந்தார்கள். அவை லாரிக்கு வெளியே நீண்டிருந்தன. நீண்ட நுனியில் ஒரு சிவப்புத் துணி ஆடியது.

பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. சக்கரத்துக்கு முன்னால் மட்டும் புதரை வெட்டியிருந்தார்கள். இரண்டு பேர் பின்பக்கம் கடப்பாரையை ஊன்றித் தயாராக இருந்தார்கள். மூன்றாவது ஆள் ஒரு பக்கத்து ஆப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தான். மச்சினன் பெட்டியின் படியில் நின்றான். அவனுடைய இரண்டு கைகளும் கைச்சக்கரத்தின் மேல் இருந்தன.

மேஸ்திரி ஓடி வந்து மற்ற ஆப்பின் மேல் காலை வைத்து நின்றார். மூச்சு வாங்கியது.

"வந்துட்டீங்களா?" என்றான் மச்சினன், இறங்காமலே. "வழியனுப்ப வந்தீங்களா? காலை எடுங்க மாமா, பசங்க காத்திருக்காங்க."

"எடுக்க மாட்டேன்."

"ஆளுங்க முன்னால வேண்டாம்."

"எடுக்க மாட்டேன்டா."

கடப்பாரைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆப்பு வைத்திருந்தவன் அண்ணாந்து, "அண்ணே, ஒரு சந்தேகம்," என்றான்.

"என்ன?"

"இந்தப் பெட்டி பன்னெண்டு வருஷமா இங்கேயே கிடக்குன்னு சொன்னீங்க. ஆப்பு மட்டும் புதுசா இருக்கே? உளி பட்ட இடம்கூட இன்னும் வெளுப்பா இருக்கு."

மச்சினன் கையை நீட்டி அதை வாங்கினான். புரட்டினான். அடிப்பக்கத்தில் கறையான் அரிக்கத் தொடங்கியிருந்தது. மேல்பக்கம் புத்தம் புதிய மரம். விளிம்பைச் சாய்வாகச் சீவி, முனையில் ஒரு சின்ன வெட்டு. அந்த வெட்டை யார் வைப்பார் என்று அவனுக்குத் தெரியும்.

"இதை யார் வச்சது?"

"நான்."

"எப்போ?"

"ரெண்டு மாசம் முன்னாடி. அதுக்கு முன்னாடியும் நான்தான். அதுக்கு முன்னாடியும்."

மேஸ்திரி பையைத் திறந்து காட்டினார். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று ஆப்புகள் கிடந்தன.

"கதவுக்குன்னு அக்கா சொன்னா," என்றான் மச்சினன்.

"கதவுக்கு இல்லை."

மச்சினன் ஆப்பையும் கைச்சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிரேக் பிடித்திருக்கும் பெட்டிக்கு யாரும் பன்னிரண்டு வருடம் ஆப்பு மாற்ற மாட்டார்கள். கைச்சக்கரத்திலிருந்து கையை எடுத்தான், சூடு பட்டவன் மாதிரி. மெதுவாகப் படியிறங்கினான்.

"யாரும் கடப்பாரையில கை வைக்காதீங்க," என்றான். பிடுங்கிய ஆப்பைத் தானே பழைய இடத்தில் வைத்துக் காலால் உதைத்து இறுக்கினான். பிறகு குப்புறப் படுத்துப் பெட்டிக்கு அடியில் தலையை விட்டான்.

மேஸ்திரியும் அவன் பக்கத்தில் படுத்தார். புதரை விலக்கிக் காட்டினார். இரும்புக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கொக்கி தொங்கியது. அடுத்த சக்கரத்திலும் அதேதான். கொக்கியில் ஏதோ பூச்சி கூடு கட்டியிருந்தது. மச்சினன் விரலை விட்டுப் பார்த்தான்.

வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது கேட்டது.

"எந்தப் பெட்டிக்குப் போட்டீங்க?"

"மூணாவதுக்கு."

"போய்ச் சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சு."

மச்சினன் கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான். இவ்வளவு கிட்டத்தில் அவர்கள் முகம் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

"என் பெட்டியும் போய்ச் சேர்ந்துச்சு மாமா."

மேஸ்திரி தொங்கும் கொக்கியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன் சொல்லலை?"

"நேத்து சொன்னேனே."

"நேத்து இல்லை. இத்தனை வருஷம்."

"முதல்ல உன்கிட்டதானே சொல்லணும்," என்றார் மேஸ்திரி. "உன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

மச்சினன் வாயில் போன மண்ணைத் துப்பினான். "நான் படியில நின்னிருப்பேன்," என்றான். "சக்கரத்தைச் சுத்திக்கிட்டே தெருவுக்குப் போயிருப்பேன். கடைசி வரைக்கும் சுத்திக்கிட்டே இருந்திருப்பேன். மாமா இறுக்கினதாச்சேன்னு."

மேஸ்திரியின் கை புல்லைப் பிடித்துப் பிடித்துப் பிடுங்கியது.

மச்சினன் வெளியே ஊர்ந்து எழுந்தான். சட்டையைத் தட்டவில்லை. ஆட்களைக் கூப்பிட்டான். லாரியைப் பெட்டிக்குப் பின்னால் கொண்டுவரச் சொன்னான். பெட்டியை லாரியோடு சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும், லாரி பிடித்துக்கொள்ள அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும், வாசலில் ஒரு ஆள் நின்று தெருவை மறிக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சொன்னான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு அவனே லாரியின் பின்பக்கம் போனான். தண்டவாள நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து எடுத்து வந்தான்.

மேஸ்திரி எழுந்து நின்றார். நியாயமாகப் பார்த்தால் அவன் தன்னைத் திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் துணியை நீட்டினான்.

"கட்டுங்க."

"இப்போ எதுக்கு மாப்ள? மத்தியானத்துக்குள்ள வெட்டிடப் போறீங்க."

"கட்டுங்க மாமா."

மேஸ்திரி படியில் ஏறினார். துணியைக் கைச்சக்கரத்தில் சுற்றினார். பதினெட்டு வருடத்தில் நூற்றுக்கணக்கில் போட்ட முடிச்சுதான். விரல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒரு நுனி நழுவியது. பிடித்தார். மற்ற நுனி நழுவியது. கடப்பாரைக்காரர்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மச்சினன் திரும்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கீழே நின்று பார்த்தான். முன்பு துணி கட்டுகிற ஒவ்வொருவன் பின்னாலும் மேஸ்திரி அப்படித்தான் நிற்பார்.

ஒருவழியாக முடிச்சு விழுந்தது. மேஸ்திரி இறங்கப் போனார்.

மச்சினன் படியில் ஒரு கால் வைத்து எட்டி, இரண்டு விரலால் முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

"லூஸா இருக்கு," என்றான். "அவுத்துட்டு மறுபடி கட்டுங்க."

யார்டில் அந்த வாக்கியத்தை அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று மேஸ்திரிக்குக் கணக்கில்லை. அவர் மறுபடியும் படியேறினார். முடிச்சை அவிழ்த்தார்.